வீட்டை விருந்தினருக்கு நாள் வாடகைக்கு விடுகிறவர்களே, அம்மாவிடம் கற்ற எந்த வேலை உங்களுக்குக் கைகொடுக்கிறது?

மலைவீட்டுக்காரி (கொடைக்கானல்)

எங்கள் வீட்டின் ஒரு பகுதியைச் சில வருடங்களாகச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்த இணையத்தளத்தில் பதிவு செய்வது, படம் எப்படி எடுப்பது, விலை எவ்வளவு வைப்பது என்பதுதான். அதெல்லாம் கொஞ்ச நாளில் பழகிவிடும். வீட்டை உண்மையில் ஓட்டும் வேலைகள் வேறு. அவற்றை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை, அம்மா செய்வதைப் பார்த்துத்தான் படித்தேன். அதைப் பேச ஒரு இழை வேண்டும் என்று தோன்றியது.

என் பங்குக்கு முதலில் துணி. அம்மா சலவைக்குப் போடும் துணிக்கு ஒரு நோட்டு வைத்திருந்தார். தேதி, வேட்டி எத்தனை, புடவை எத்தனை, போர்வை எத்தனை, திரும்பி வந்தது எத்தனை, அவ்வளவுதான். நானும் இன்று அதே நோட்டைத்தான் வைத்திருக்கிறேன், செயலி எதுவும் இல்லை. ஏப்ரல், மே சீசனில் இங்கே சலவைக்காரரிடம் பல விடுதிகளின் வெள்ளை விரிப்புகள் ஒன்றாக வந்து குவியும், யாருடையது எது என்று அவருக்கே தெரியாது. அம்மா காலத்தில் சேங்கொட்டை என்ற மரக்கொட்டையின் சாற்றால் குறி போடுவார்கள், துணி கிழிந்தாலும் குறி போகாது. அம்மா அதோடு மூலையில் சிவப்பு நூலால் இரண்டு தையலும் போட்டுவிடுவார். நான் அந்தத் தையலை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒரு கட்டிலுக்கு மூன்று ஜோடி விரிப்பு: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் இங்கே எதுவும் காயாது, அப்போது நான்கு ஜோடி இல்லாமல் முடியாது.

கறை விஷயமும் அப்படித்தான். மஞ்சள்தூள் கறையில் சோப்புப் பட்டதும் சிவக்கும், வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் பயந்துபோய் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிடுவார்கள். ஒன்றும் செய்ய வேண்டாம், துவைத்து வெயிலில் போட்டால் தானாக வெளுக்கும், மஞ்சள் நிறம் வெயிலுக்கு நிற்காது. ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் ஊற்றினால் கறை நிரந்தரமாகிவிடும். இதை அம்மா எனக்கு எப்போது சொன்னார் என்றுகூட நினைவில்லை, அவ்வளவு சின்ன வயதில் சொல்லியிருக்கிறார்.

உங்கள் அம்மாவிடம் நீங்கள் கற்றது என்ன? சமையல் மட்டும் சொல்லாதீர்கள், மற்றதையும் சொல்லுங்கள்.

காரைக்குடி வளவு

நல்ல கேள்வி. எங்களுடையது முகப்பு, வளவு (முற்றத்தைச் சுற்றிய பகுதி), இரண்டாம் கட்டு எல்லாம் உள்ள பழைய செட்டிநாட்டு வீடு, சில அறைகளை மட்டும் திருத்தி விருந்தினருக்குக் கொடுக்கிறோம். இங்கே பெரிய வேலை சாமான் கணக்கு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த சாமானுக்கெல்லாம் பட்டியல் உண்டு, பாத்திரத்தில் பெயரின் முதல் எழுத்து வெட்டியிருக்கும். பெரிய விசேஷம் முடிந்த மறுநாள் ஆச்சியும் அம்மாவும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து உள்ளே வைப்பார்கள். விருந்தினர் முன்னால் ஒருநாளும் எண்ண மாட்டார்கள், அதில் கண்டிப்பாக இருப்பார்கள்.

அப்படியானால் ஒன்று குறைந்தால் எப்படித் தெரியும்? ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு இடம். டம்ளர் வரிசை, கரண்டி மாட்டும் ஆணி, தாம்பாளம் சாய்த்து வைக்கும் மூலை. எண்ண வேண்டியதே இல்லை, வெற்றிடம் கண்ணில் படும். நான் விருந்தினர் அறைகளில் இதைத்தான் செய்கிறேன். ஒரே அறையில் ஒரே இடத்தில் கெட்டில், ஒரே இடத்தில் குடை, ஒரே ஆணியில் சாவி. அறை சுத்தம் செய்கிறவர் கதவைத் திறந்ததும் ஒரு பார்வை பார்த்தால் போதும். வண்டி கிளம்பும் முன்பே தெரிந்துவிடும், யாரையும் நிறுத்திக் கேட்டு மனம் நோகச் செய்ய வேண்டியதும் இல்லை, "சார்ஜரை மறந்துவிட்டீர்கள்" என்று கொண்டுபோய்க் கொடுக்கவும் முடிகிறது.

இன்னொன்று தரை. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அல்ல, கண்ணாடி மேல் நிறமும் சிமென்ட்டும் ஊற்றிச் செய்வது. அதன் மேல் கழிவறைக்குப் போடும் ஆசிட்டை யாராவது ஊற்றினால் அந்த இடம் செத்துவிடும். அம்மா வெறும் தண்ணீரில்தான் துடைக்கச் சொல்வார், எப்போதாவது துணியில் துளி தேங்காயெண்ணெய். தரையைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத்தான் இது தெரியும். வெளியிலிருந்து வந்த ஒரு துப்புரவு நிறுவனத்துக்காரர் எங்கள் பட்டாலையில் (கூடத்தில்) செய்துவிட்டுப் போன வேலையை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஏற்காடு காப்பித்தோட்டம்

சமையல் சொல்லாதீர்கள் என்கிறீர்கள், ஆனால் சமையலுக்கு முன்னால் ஒன்று இருக்கிறது, வருகிறவர் எந்த நிலைமையில் வருகிறார் என்று பார்ப்பது. சேலத்திலிருந்து மேலே வர 20 கொண்டை ஊசி வளைவு. குழந்தைகள் பாதிப் பேர் வாந்தி எடுத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். அவர்களிடம் ஆதார் கொடுங்கள், கையெழுத்துப் போடுங்கள் என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. என் அம்மா சொந்தக்காரர்கள் ஊரிலிருந்து வந்தால் என்ன செய்வாரோ அதையே நான் செய்கிறேன். முதலில் குளியலறை எங்கே என்று காட்டு, பிறகு உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, பிறகு உட்காரச் சொல், பெட்டியையும் படிவத்தையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கால் மணி நேரத்தில் அவர்கள் முகம் மாறுவது தெரியும்.

அளவும் சொல்ல வேண்டும். ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு, இரண்டு பேருக்கு ஓர் ஆழாக்கு அரிசி, குழந்தைகள் இருந்தால் கொஞ்சம் குறைத்துக்கொள். அம்மா ஆட்களைப் பார்த்துவிட்டுக் கை அளவை மாற்றுவார், ராத்திரிப் பயணம் செய்து வந்தவர்கள் காலையில் அதிகம் சாப்பிட மாட்டார்கள், மதியம் நன்றாகச் சாப்பிடுவார்கள் என்பார். அப்படியே நடக்கும். எங்கள் வீட்டில் சோறு மீந்து கொட்டுவது மிகக் குறைவு, இந்தத் தொழிலில் லாபம் நிற்பதே அங்கேதான்.

குளிர்காலத்தில் இட்லி மாவு புளிக்காது என்று இங்கே நிறையப் பேர் பாக்கெட் ரொட்டிக்குப் போய்விட்டார்கள். நாலுக்கு ஒன்று அரிசி உளுந்து, அரைக்கும்போதே வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரத்தைச் சுடுநீர் அண்டாவுக்குப் பக்கத்தில் கம்பளி சுற்றி வைத்து, மதியமே அரைத்துவிட வேண்டும், ராத்திரி அரைத்தால் விடியும்போது அப்படியே இருக்கும். மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் எல்லாரும் இப்படித்தான் கண்டுபிடித்திருப்பார்கள்.

கணக்குப் பார்ப்பவன்

நான் விடுதி நடத்தவில்லை, நடத்துகிற சிலருக்குக் கணக்கு எழுதுகிறேன். கவனித்ததைச் சொல்கிறேன். வருமானம் குறைவதால் மூடுகிறவர்களைவிட, சீசனில் வந்த பணத்தை மொத்தமாகச் செலவழித்துவிட்டு ஆள் வராத மாதங்களில் மூச்சுத் திணறுகிறவர்கள்தான் அதிகம். அம்மாக்கள் அடுப்படியில் டப்பா டப்பாவாகப் பணம் வைத்திருந்தார்களே, பால் பணம் ஒன்றில், பள்ளிக்கூடக் கட்டணம் ஒன்றில், சீட்டுப் பணம் ஒன்றில், ஒரு டப்பாப் பணத்தை இன்னொன்றுக்கு எடுக்கவே மாட்டார்கள், அந்தக் கட்டுப்பாடுதான் இந்தத் தொழிலுக்குத் தேவை. ஒவ்வொரு முன்பதிவிலிருந்தும் ஒரு பங்கைத் தனி வங்கிக் கணக்கில் தள்ளிவிடுங்கள். பெயின்ட், மோட்டார், கழிவுநீர்த் தொட்டி, மெத்தை எல்லாம் அதிலிருந்து.

காலண்டரில் சிலிண்டர் மாற்றிய தேதி எழுதுவதும் அம்மாக்களின் வழக்கம்தான். ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று பார்த்தால் ஒரு விருந்தினருக்கு எரிவாயு என்ன செலவாகிறது என்பது தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது, 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான். அம்மா காலத்து அடுப்படியில் இந்த வித்தியாசம் இல்லை, உங்களுக்கு உண்டு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரப் படிவத்தை (முன்பு சி படிவம் என்பார்கள்) அரசுத் தளத்தில் ஏற்ற வேண்டும், அதையும் காலண்டரில் எழுதுகிற அதே ஒழுங்கோடு செய்யுங்கள்.

அடுத்த தலைமுறை

எல்லாம் படித்தேன், நெகிழ்ச்சியாகவும் இருந்தது, கோபமும் வந்தது. கேட்டுவிடுகிறேன். நீங்கள் எல்லாரும் திறமை, கணக்கு, நிர்வாகம் என்று இப்போது பெயர் வைக்கிறீர்களே, அதே வேலையை அம்மா செய்தபோது நம் வீட்டில் அதற்குப் பெயரே இல்லை. "அம்மா சும்மா வீட்டில்தான் இருக்கிறார்" என்று பள்ளிக்கூடப் படிவத்தில் எழுதிய பிள்ளைகள்தானே நாம்? 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்களில் அந்த வேலை செய்கிறவர்கள் 97 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து.

இப்போது பல இடங்களில் என்ன நடக்கிறது? "அம்மா கைச்சமையல்" என்று போட்டு விற்கிறார்கள். விடியற்காலையில் எழுந்து அறுபது வயதுக்கு மேல் அடுப்பில் நிற்பது அம்மா, தளத்தில் உரிமையாளர் படம் மகனுடையது, பணம் வருவதும் மகனின் கணக்குக்கு. அம்மாவிடம் கற்றோம் என்கிறீர்கள், சரி. அம்மா இன்னும் அங்கே வேலை செய்கிறாரா? அவருக்கு என்ன கொடுக்கிறீர்கள்? இதற்கு நேராகப் பதில் வேண்டும்.

ஏற்காடு காப்பித்தோட்டம்

என்னைத்தான் கேட்டது போல் இருக்கிறது, பதில் சொல்கிறேன். அம்மாவுக்கு இது வேலை இல்லை, மனிதர்கள் வந்து போவது அவருக்குப் பிடிக்கும், சும்மா உட்காரச் சொன்னால்தான் அவருக்கு உடம்புக்கு வரும். ஆனாலும் சாப்பாட்டுக்கென்று வரும் பணம் முழுவதும் அவர் வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது, அதிலிருந்து அவர் யாருக்கு என்ன செய்கிறார் என்று நான் கேட்பதில்லை.

அடுத்த தலைமுறை

அண்ணா, நீங்கள் செய்வது நல்ல விஷயம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் "அவருக்கு இது வேலை இல்லை" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். பிடித்துச் செய்தாலும் வேலை வேலைதான், நீங்களும் பிடித்துத்தானே செய்கிறீர்கள். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது, நெய்வேலிப் பக்கத்துத் தம்பதி, கணவர் சவுதியில் வேலை பார்த்துப் பணம் அனுப்பியிருக்கிறார், மனைவி இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். அந்தப் பணத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு, அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது என்று நீதிபதி எழுதினார். நீதிமன்றமே அதைப் பங்களிப்பு என்று ஏற்ற பிறகு நாம் ஏன் பொழுதுபோக்கு போலப் பேச வேண்டும்? பணத்தோடு இன்னொன்றும் வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை. இந்த வாரம் முடியாது, எனக்குக் கால் வலிக்கிறது என்று அம்மா சொன்னால் முன்பதிவு நிற்குமா?

மலைவீட்டுக்காரி (கொடைக்கானல்)

தங்கை கேட்டது நியாயமான கேள்வி, நான் தொடங்கிய இழையில் இது வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். என் அம்மா இப்போது இல்லை, அதனால் என் பதில் வேறு மாதிரி. இங்கே என்னோடு வேலை செய்யும் பெண்களும் யாரோ ஒருவரின் அம்மாக்கள்தான். அவர்களுக்குத் தெரிந்ததை நான் இலவசமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறேன். மெத்தை எப்போது வெயிலில் போட வேண்டும், எந்த அலமாரியில் பூஞ்சை வரும், எந்த விருந்தினர் வீட்டைப் பாழ் பண்ணுவார் என்று எனக்கு முன்னால் கண்டுபிடிப்பது அவர்கள்தான். அறை சுத்தத்துக்கு நல்ல விமர்சனம் வந்தால் வாசித்துக் காட்டுகிறேன், அந்த மாதம் சம்பளத்தோடு கூடக் கொஞ்சம் சேர்கிறது. அம்மா வேலைக்கு வரும் அக்காவுக்குச் சாப்பாடு போடாமல் வேலை சொல்லவே மாட்டார், தீபாவளிக்கு அவர் கேட்கும் முன்பே கொடுத்துவிடுவார். ஆட்கள் நிலைத்து நிற்பது அதனால்தான். சீசனில் இந்த ஊரில் ஆள் கிடைக்காமல் அலைகிறவர்களுக்கு இதைவிட வேறு வழி எனக்குத் தெரியாது.

அப்புறம் இன்னொன்று, ஊருக்கு வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது. எந்தப் பேருந்து, எங்கே இறங்குவது, ஸ்வெட்டர் எடுத்து வா என்று அம்மா கடிதத்திலேயே எழுதுவார். 2024 மே 7 முதல் இங்கே வர இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) வேண்டும், சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தால் அபராதக் கட்டணம். இதைச் சொல்லாமல் விட்டால் சோதனைச் சாவடியில் சண்டை போட்டுவிட்டுக் கோபத்தோடு நம் வீட்டுப் படி ஏறுவார்கள். முன்பதிவு வந்த அன்றே ஒன்று, கிளம்பும் முந்தின நாள் ஒன்று என்று இரண்டு முறை செய்தி அனுப்புகிறேன்.

யாழ் முற்றம்

வணக்கம், நாங்கள் யாழ்ப்பாணத்தில் வீட்டின் முன்பக்கத்தை விடுகிறோம். எங்களுக்கு வருகிறவர்களில் கனபேர் கனடா, லண்டன் பக்கம் இருந்து வரும் எங்கட சனம்தான், நல்லூர்த் திருவிழா 25 நாளும் வீடு நிறைஞ்சிருக்கும். இங்கே நிலத்தடி சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணி கொதிக்க வைத்தால் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் அதைப் பார்த்து அழுக்கு என்று நினைக்கும். அம்மா தேசிக்காய் (எலுமிச்சை)த் தோலைப் போட்டுக் கொதிக்க வைத்து ஊற்றிவிடுவா, பளிச்சென்று வந்துவிடும். ஆள் மாறும் ஒவ்வொரு தடவையும் செய்கிறோம்.

ஆனால் நான் அம்மாவிடம் கற்றதில் பெரிது, இல்லை என்று சொல்லும் விதம். குடித்துவிட்டுச் சத்தம் போடுகிற ஆட்களிடம் அம்மா குரலை உயர்த்தமாட்டா, இன்னும் மெதுவாகக் கதைப்பா. "தம்பி, பக்கத்து வீட்டில் படிக்கிற பிள்ளை இருக்கு, நீங்களும் இந்த ஊர்ப் பிள்ளைதானே" என்று சொல்லிப்போட்டு, தேத்தண்ணியும் வைத்துவிட்டு, அங்கேயே கதிரையில் இருப்பா, அவர்கள் அடங்கும்வரை எழும்பமாட்டா. காவல்துறையைக் கூப்பிடும் நிலைமை எங்களுக்கு வந்ததில்லை. அயலோடு பகைத்தால் இந்தத் தொழில் செய்யவே ஏலாது, அதனால் வீட்டில் முருங்கைக்காய் பறித்தால் முதல் கட்டு பக்கத்து வீட்டுக்குத்தான்.

தங்கச்சி கேட்டதுக்கும் பதில்: வீடு அம்மாவின் பேரில்தான் இருக்கு, இங்கே சீதனமாக வந்தது. முடிவெல்லாம் அவதான் எடுப்பா. நான் கணினி பார்க்கிறேன், அவ்வளவுதான்.

குற்றாலத்தில் புதிதாக

ஐயா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். ஐந்தருவி போகும் வழியில் பெற்றோர் வீட்டின் மாடியை வரும் சீசனில் விடலாம் என்று இருக்கிறேன். எங்கள் வீட்டில் இந்த வேலையெல்லாம் அம்மா தங்கைக்குத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், என்னை அடுக்களைப் பக்கம் விட்டதில்லை. தங்கை திருமணமாகிப் போய்விட்டாள். நான் எங்கிருந்து ஆரம்பிப்பது? இங்கே வருகிறவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறவர்கள், விரிப்பெல்லாம் எண்ணெயாகும் என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துகிறார்.

காரைக்குடி வளவு

தம்பி, ஆள் வராத வாரத்தில் அம்மாவோடு ஒரு நாள் முழுக்க இருங்கள். காலையில் எழுவதிலிருந்து கதவைச் சாத்துவது வரை அவர் என்ன செய்கிறார், எதை எதற்கு முன்னால் செய்கிறார் என்று எழுதுங்கள். கேட்டால் "இதிலென்ன இருக்கு" என்பார், கேட்காமல் பாருங்கள். அப்புறம் அதே வேலையை நீங்கள் செய்யுங்கள், அவர் உட்கார்ந்து பார்க்கட்டும். முதல் நாளே எங்கே தவறுகிறது என்று சொல்லிவிடுவார்.

மலைவீட்டுக்காரி (கொடைக்கானல்)

எண்ணெய்க்கு வழி இருக்கிறது. எண்ணெய்க் குளியல் நாளுக்கென்று எங்கள் வீட்டில் பழைய தலையணை உறை, பழைய துண்டு தனியாக இருக்கும், நல்லதைத் தொட விடமாட்டார்கள். நீங்களும் அடர்ந்த நிறத்தில் ஈரிழைத் துண்டுகள் வாங்கி ஒரு கூடையில் "எண்ணெய்க்கு" என்று எழுதி, அறைக்குள் நுழைந்ததும் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். மெத்தைக்கு நீர்புகா உறை அவசியம். விரிப்பில் பட்ட எண்ணெயில் உடனே கடலை மாவைத் தூவி உறிஞ்சவிட்டு, தட்டிவிட்டு, வெந்நீரும் சோப்புத்தூளும் போட்டு ஊறவைத்துத் துவையுங்கள், இது ரத்தக் கறை இல்லை, இதற்கு வெந்நீர்தான். முக்கியமாக ஒன்று: எண்ணெய் சரியாகப் போகாத துண்டுகளை டிரையரில் உலர்த்திச் சூட்டோடு குவித்து வைக்காதீர்கள், தானாகத் தீப்பிடிக்கக்கூடும். சாரல் காலத்தில் வெயில் இருக்காது என்பதால் நிறையப் பேர் டிரையர் வாங்குகிறார்கள், அதனால் சொல்கிறேன்.

அடுத்த தலைமுறை

குற்றாலத்து அண்ணா, தொடங்கும் முன்பே அம்மாவிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். எந்த வேலை அவருடையது, எது உங்களுடையது, எது சம்பளத்துக்கு ஆள் வைப்பது, அவர் பங்கு எவ்வளவு. தொடங்கிய பிறகு பேசவே முடியாது, கூட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

குற்றாலத்தில் புதிதாக

நேற்று ராத்திரி அம்மாவிடம் பேசினேன். முதலில் சிரித்தார், "எனக்கு எதுக்குப்பா பங்கு" என்றார். அப்பா எழுந்து போன பிறகு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். மூன்று வேளைச் சமையல் முடியாது, காலைப் பலகாரம் மட்டும். மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை யாரும் கீழே வந்து கதவைத் தட்டக் கூடாது. ஆடி அமாவாசைக்கு முந்தின நாளும் அன்றைக்கும் வீட்டில் வெளியாட்கள் வேண்டாம். பணம் அவர் பெயரில் தபால் நிலையக் கணக்கில் போட வேண்டும், பாஸ்புக்கை நான் வாங்கிப் பார்க்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்றேன். மாடிக் குளியலறைக் குழாயை மாற்றாமல் ஒருவரையும் ஏற்றாதே என்றும் சொன்னார், நாளைக்குப் பிளம்பர் வருகிறார்.

கணக்குப் பார்ப்பவன்

பிளம்பர் வரட்டும், அதற்கு முன்னால் தளத்தின் நாட்காட்டியில் ஆடி அமாவாசை இரண்டு நாளையும் இன்றைக்கே அடைத்துவிடுங்கள். சீசன் நடுவில் வரும், திறந்து வைத்தால் யாராவது பதிவு செய்துவிடுவார்கள், நாம் ரத்து செய்தால் அவர்கள் பயணமும் கெடும். வருகை நேரத்தையும் மதியம் ஒரு மணி என்று போடாமல் நாலு மணிக்கு மேல் என்று வையுங்கள்.